நெல்டா கைக்குத் தோதானது

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் நெல்டா. பக்கத்து வீட்டுக்காரி புதுத் தொப்பி எப்படியிருக்கிறது என்று கேட்டால்கூட "சுமார்தான்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். அப்படிப்பட்டவள் ஒரே வாரத்தில் கட்டின புருஷனிடம் இரண்டு பொய் சொல்லிவிட்டாள்.

முதல் பொய் வெள்ளிக்கிழமை மத்தியானம். கொடியில் காய்ந்த போர்வைகளை அள்ளிக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே வந்தாள். சமையலறை நடுவில் வர்ஜில் நின்றுகொண்டிருந்தார். கையில் துப்பாக்கி. அது அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"யார் நீ? என் வீட்டுல உனக்கென்ன வேலை?"

போர்வைகள் கீழே விழுந்தன. "நான் நெல்டா, வர்ஜில். உன் நெல்டா" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் முகம் தெளிவதற்கு எவ்வளவு நேரம் ஆனதோ, அவளுக்குத் தெரியாது. துப்பாக்கி மெல்ல இறங்கி இடுப்பு உறைக்குள் போனது. காபி இருக்கிறதா என்று கேட்டார். அப்புறம் அவள் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னடி கிழவி, ஏன் அழறே? எவன் என்ன சொன்னான்?"

"எவனோ ஒருத்தன் உள்ள வந்துட்டான். துப்பாக்கியக் காட்டி மிரட்டினான். போயிட்டான், விடு."

வேறு என்னதான் சொல்வாள்? நீதான் அந்த ஆள் என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷன் அங்கேயே உயிரை விட்டிருப்பார். அவள்மேல் ஒரு தடவைகூடக் கை ஓங்காதவர்.

இரண்டாவது பொய் திங்கட்கிழமை. "வர்ஜில், உனக்கு அச்சு விழுது. நேத்து சர்ச்சுல எல்லாரும் பாத்தாங்க."

அந்த மலைப்பக்கத்தில் சட்டைக்கடியில் துப்பாக்கி வைத்திருக்காத ஆண்கள் குறைவு. அதன் உருவம் சட்டைக்கு மேலே புடைத்துத் தெரிந்தால் அதற்குப் பெயர் அச்சு விழுவது. அது பெரிய அவமானம், வர்ஜிலுக்கு இன்னும் பெரிய அவமானம். கவுன்டி ஷெரீப் அலுவலகத்தில் போலீஸாகத் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர், ஓய்வுக்குப் பிறகு சர்ச் நிலவறையில் சனிக்கிழமை தோறும் துப்பாக்கி உரிமத்துக்கு வகுப்பு எடுத்தவர். "அச்சு விழுந்தா நீ மறைச்சு வைக்கலடா, விளம்பரம் பண்றே" என்று ஊரில் பாதிப் பேரை விரட்டியிருக்கிறார். அவருக்கே அச்சு விழுகிறது என்றால் சும்மா இருப்பாரா?

"எனக்கா? எனக்கா அச்சு விழுது?" கண்ணாடி முன் நின்று சட்டையை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தார். உண்மையில் அச்சு எதுவும் விழவில்லை. உடம்பு இளைத்துச் சட்டைதான் தொளதொளவென்று தொங்கியது.

"நீ இளைச்சுட்டே. அது பெரிசு. டெல்மர் கடையில சின்னதா ஒண்ணு பாப்போம், வா."

இதைத்தான் அவள் முந்தின நாளே துப்பாக்கிக் கடைக்காரன் டெல்மரிடம் போனில் பேசி வைத்திருந்தாள். வர்ஜில் ஏதாவது ஒரு சின்னத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது. பழையதைக் கழற்றி டெல்மரிடம் கொடுத்துவிட வேண்டியது. புதியதற்கு ஆர்டர் போட்டிருக்கிறது, இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் வரும் என்று டெல்மர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியது. வர்ஜிலின் மறதி நோய்க்குப் பார்க்கிற டாக்டர் துப்பாக்கியை வீட்டைவிட்டு அகற்றுங்கள் என்று சொல்லிப் பல மாதம் ஆகிறது. ஒஹையோவில் இருக்கும் மகன் ராண்டல் "எடுத்து ஆத்துல வீசும்மா" என்கிறான். தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் சுலபம்! அவனே ஒரு தடவை வந்தபோது அதை எடுத்து ஒளித்து வைத்தான். வர்ஜில் வீட்டையே புரட்டிப்போட்டார். திருட்டுப் போய்விட்டது என்று வெறுங்காலோடு சாலையில் நடந்து, வருகிற வண்டியையெல்லாம் நிறுத்தி அழுதார். திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அவராகத் தன் கையால் கொடுத்தால்தான் உண்டு. இன்றைக்குக் கொடுக்கவில்லை என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை அவள் உயிரோடு இருப்பாளா என்பதே சந்தேகம். அதைவிட, அவளைச் சுட்டுவிட்டு அவர் எப்படி இருப்பார் என்பதுதான் அவளுக்குப் பெரிய கவலை.

டெல்மர் கடையில் எப்போதும்போல ஹீட்டர் பக்கத்தில் லோவெல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். எதையும் வாங்காமல் தினமும் வந்து உட்காருகிற ஆள்.

"வாங்க அண்ணே!" என்றான் லோவெல். "கடைசியில உங்க பீரங்கியக் கழட்டப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"உன் வாயக் கழட்டினா ஊருக்கே நல்லது" என்றார் வர்ஜில். லோவெல் காபியைத் துப்பிக்கொண்டு சிரித்தான்.

டெல்மர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தான். தோட்டா போடும் மேகசினை உருவினான். மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தி, உள்ளே காலி என்று காட்டிவிட்டுக் கைப்பிடியைத் திருப்பி நீட்டினான். வர்ஜில் வாங்கியவுடன் உள்ளே எட்டிப் பார்த்தார், சுண்டுவிரலையும் விட்டுத் தடவினார். கொடுக்கிறவன் பார்த்துவிட்டான் என்பதற்கு அங்கே மதிப்பில்லை. வாங்குகிறவனும் பார்க்க வேண்டும், விரல் விட்டும் பார்க்க வேண்டும். சகோதரனே கொடுத்தாலும் சரி, போதகரே கொடுத்தாலும் சரி. இது வர்ஜிலின் வகுப்பில் முதல் பாடம்.

"இது என்னடா, எலிக்குஞ்சு மாதிரி இருக்கு?"

"சட்டைப் பையில போட்டுக்கலாம் அண்ணே. வெயிட்டே இல்ல."

"வெயிட் இல்லாததுதான்டா தொல்லை. சின்னது சாதுன்னு எவன் சொன்னான்? சுட்டா கைய உதறிட்டுப் போகும். இதப் பாரு, சுண்டுவிரல் வைக்க எடமே இல்ல, அந்தரத்துல தொங்குது. ஒரு தடவ சுட்டுட்டு ரெண்டாவது தடவைக்கு அத எங்கன்னு தேடணும்."

"அப்ப இந்த ரிவால்வர்? இழுக்க வேண்டியதே இல்ல. விசைய அமுக்கினா போதும்."

"அமுக்கிப் பாரு நீ. கல்லப் பிழியற மாதிரி இருக்கு. மூட்டுவலிக்காரங்க இத அமுக்கி முடிக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும்."

நெல்டா பார்த்துக்கொண்டே நின்றாள். இவரா நோயாளி? காலையில் சாக்ஸை எந்தக் காலில் போடுவது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்த மனுஷனா இது? குரலில் பழைய அதிகாரம், பழைய கேலி. கைகூட நடுங்கவில்லை. அடிப்பாவி, நல்லா இருக்கிறவரை ஏமாற்றக் கூட்டி வந்திருக்கிறாயே என்று அவள் மனசு அவளையே ஏசியது. பேசாமல் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

வர்ஜில் மூன்றாவதை இடது கையில் மாற்றிப் பிடித்துப் பார்த்தார்.

"மேகசின் கழட்டற பொத்தான எடக்கைக்குத் தோதா மாத்த முடியுமா?"

டெல்மருக்குப் புரியவில்லை. "நீங்க சோத்தாங்கைதானே அண்ணே?"

"எனக்கு எதுக்குடா? எனக்குத்தான் இது இருக்கே." இடுப்பைத் தட்டினார். "இது நெல்டாவுக்கு. அவ எடக்கையாளு."

டெல்மர் நெல்டாவைப் பார்த்தான். அச்சு விழுகிற கதையெல்லாம் வழியிலேயே மறந்துபோயிருக்கிறது.

வர்ஜில் அவள் பக்கம் திரும்பினார். தொப்பியை எடுத்தார். முன்பின் தெரியாத பெண்களிடம் பேசும்போது அவர் அப்படித்தான் தொப்பியை எடுப்பார்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க கையைக் கொஞ்சம் காட்டுறீங்களா? என் வீட்டுக்காரிக்கும் ஏறக்குறைய இதே அளவுதான்."

அம்மா. நினைச்சுக்காதீங்க. காட்டுறீங்களா. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர் வாயால் இந்த 'ங்க'வைக் கேட்டதில்லை. துப்பாக்கியை நீட்டி யார் நீ என்று அதட்டியதுகூட இப்படிக் குத்தவில்லை. அது பயத்தில் வந்தது. இது மரியாதையில் வந்தது. இவ்வளவு தள்ளி நின்று ஒருத்தரால் மரியாதை கொடுக்க முடியுமா?

அவள் இடது கையை நீட்டினாள். அவர் அதை வாங்கிப் பதமாகத் துப்பாக்கியின் கைப்பிடியில் பொருத்தினார்.

"அவளுக்கு இவ்வளவு சுருக்கம் இருக்காது" என்றார் டெல்மரிடம். "சின்ன வயசுதானே. ஆனா அளவு சரி." அவளுடைய நடுவிரலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட! உங்களுக்கும் வளைஞ்சிருக்கே! அவளுக்கும் இதே விரல்தான். காரு கதவுல நசுங்கினது. நான்தான் சாத்தினேன், பாவி. ரெண்டு நாள் பேசவே இல்ல என்கிட்ட."

"மூணு நாள்" என்று சொல்ல வாயெடுத்து நெல்டா விழுங்கிக்கொண்டாள்.

"இழுங்க பாப்போம்."

அவள் ஸ்லைடை இழுத்தாள். கட்டைவிரல் மூட்டு சுரீரென்றது. அது பாதிதான் வந்தது. அடுத்ததைக் கொடுத்தார், அதுவும் அப்படித்தான். புதுத் துப்பாக்கி என்றால் ஸ்பிரிங் விறைப்பாகத்தான் இருக்கும். நான்காவதும் சரிப்படவில்லை என்றதும் வர்ஜிலின் தோள் தொங்கிப்போயிற்று. முஷ்டியால் கண்ணாடிப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார்.

"இத வச்சுக்கிட்டு அந்தப் படுபாவி முன்னாடி அவ எப்படிடா நிப்பா?"

"எந்தப் படுபாவி அண்ணே?" என்றான் லோவெல். அவன் குரலில் இப்போது கேலி இல்லை.

"எவனோ ஒருத்தன் வீட்டுக்குள்ள வர்றான்டா. நான் இல்லாத நேரமாப் பாத்து வர்றான். அவ நெஞ்சுக்கு நேரா துப்பாக்கிய நீட்டியிருக்கான். பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே அழுதா. என்கிட்ட அவன் பேரச் சொல்ல மாட்டேங்கறா. ஷெரீப் ஆபீசுல காலம் பூரா இருந்து என்ன பிரயோஜனம், என் பொண்டாட்டிய என்னால காப்பாத்த முடியல." அவர் கண் கலங்கிவிட்டது. "எனக்கு இப்பல்லாம் எங்க போறேன், எப்ப வர்றேன்னே தெரிய மாட்டேங்குது. நான் இல்லாதப்ப அவளுக்கு யாருடா?"

டெல்மர் தரையைப் பார்த்தான். நெல்டா போனில் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அந்த ஆள் யார் என்று அவனுக்குத் தெரியும்.

சொன்ன பொய் கண்ணெதிரே வந்து நின்று அழுதது. நான்தான் நெல்டா, அந்த ஆள் யாருமில்லை, வா வீட்டுக்குப் போகலாம் என்று கட்டிக்கொண்டு கதற அவளுக்கு உடம்பெல்லாம் துடித்தது. சொன்னால் ஒருவேளை தெரிந்துகொள்வார். "கிழவி" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் இப்போது எதையும் கொடுப்பாள். ஆனால் தெரிந்துகொண்டால் துப்பாக்கி அவர் இடுப்பிலேயே வீட்டுக்கு வரும். கட்டின பெண்டாட்டி கேட்டு அவர் அதைக் கொடுத்ததில்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்கு ஒருவேளை கொடுப்பார்.

அவள் கையிலிருந்த துப்பாக்கியைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள்.

"உங்க வீட்டுக்காரம்மா துப்பாக்கி சுடக் கத்துக்கிட்டது எதுல?"

வர்ஜில் யோசித்தார். "இதுலதான்." கை இடுப்புக்குப் போயிற்று. "இதேதான். அப்ப என்கிட்ட வேற எது இருந்துச்சு?"

"அதுல ஸ்பிரிங் பழகியிருக்குமே. இவ்வளவு விறைப்பா இருக்காதே."

"வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்றார் அவர் மெதுவாக.

"அப்ப அவங்க கைக்கு அதுதான் தோதானது" என்றாள் நெல்டா.

வர்ஜில் சட்டையைத் தூக்கினார். அந்தப் பழைய துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். மேகசினை உருவி வைத்தார். ஸ்லைடை இழுத்தார், உள்ளேயிருந்து எகிறிய தோட்டாவை உள்ளங்கையில் பிடித்தார். எட்டிப் பார்த்தார். சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். மூளை கைவிட்டதையெல்லாம் அந்தக் கை பத்திரமாக வைத்திருந்தது. கைப்பிடியைத் திருப்பி அவளிடம் நீட்டினார்.

"நீங்க அவளத் தெரிஞ்சவங்களா?"

"தெரியும்."

"அவகிட்டக் குடுத்துருங்க. நான் குடுத்தா வாங்க மாட்டா. 'உனக்கு வேணாமா'ம்பா. என்னப் பத்தித்தான் எப்பவும் அவளுக்குக் கவலை."

நெல்டா வாங்கினாள். நேராகப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவிடலாம்தான். ஆனால் பழக்கம் விடுமா? உள்ளே எட்டிப் பார்த்தாள். சுண்டுவிரலை விட்டுத் தடவினாள். இரும்பு அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது.

வர்ஜில் புருவத்தை உயர்த்தினார். "பரவாயில்லையே! அவனவன் நான் சொல்லிச் சொல்லியும் செய்ய மாட்டான். யார் சொல்லிக் குடுத்தது உங்களுக்கு?"

"என் வீட்டுக்காரர்."

"நல்ல மனுஷன். இருக்காரா?"

லோவெல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

"இருக்கார்" என்றாள் நெல்டா. "அப்பப்ப."

அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு, மறந்ததை ஞாபகப்படுத்திக்கொண்டவர்போல நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்லுங்க அவகிட்ட. அந்த ஆளு மறுபடி வந்தா யோசிக்க வேணாம்னு சொல்லுங்க. அவளுக்கு இளகின மனசு. மூஞ்சியப் பாத்தா பாவம்னு நினைப்பா. நினைக்க வேணாம். அவ உயிருதான் எனக்கு முக்கியம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் நெல்டா. டெல்மர் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து துப்பாக்கியை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினான். அவனும் எட்டிப் பார்த்தான், அவனும் விரலை விட்டான். அப்புறம் பின்னறைக்குக் கொண்டுபோய் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினான். சாவி திரும்புகிற சத்தம் வெளியே கேட்டது.

வீடு திரும்பும் வழியெல்லாம் ட்ரக்கில் வர்ஜில் இடுப்பைத் தடவிக்கொண்டே வந்தார். காலி உறை மட்டும் பெல்ட்டில் இருந்தது.

"என் துப்பாக்கி எங்க?"

"நெல்டாகிட்டக் குடுத்துட்டீங்க."

"அப்படியா? நல்லது." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி. "என் துப்பாக்கி எங்க?" மறுபடி அதே பதில். ஒவ்வொரு தடவையும் அவர் "நல்லது" என்றார். ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை, தேடவில்லை. ராண்டல் ஒளித்தபோது ஊரையே ரெண்டுபடுத்தினவர். நெல்டா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைக்காமலே ஓட்டினாள். அவளும் அவருக்கு 'ங்க' போட்டுத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆற்றுப் பாலம் தாண்டிய பிறகுதான் அதைக் கவனித்தாள்.

வீட்டுக்கு வந்து பீன்ஸ் சூப்பைச் சூடு பண்ணினாள். சோள ரொட்டியை வெட்டி அவர் தட்டில் வைத்தாள். அவர் ரொட்டியைச் சூப்பில் பிட்டுப் போட்டு, ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோகிறவர் நிறுத்தி அவளையே பார்த்தார்.

"என்னடி கிழவி, கண்ணெல்லாம் செவந்திருக்கு?"

கிழவி! காலையிலிருந்து அந்த வார்த்தைக்குத்தான் அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள். வந்ததும் தாங்க முடியவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமில்ல வர்ஜில். வெங்காயம்."

மூன்றாவது பொய். சூப்பில் வெங்காயமே இல்லை.

"என்கிட்ட மறைக்காத. அந்த ஆளு இன்னைக்கும் வந்தானா?"

"வந்தான்" என்றாள் நெல்டா. இந்த ஒரு தடவையாவது உண்மையைச் சொல்ல வேண்டும்போல இருந்தது அவளுக்கு. "துப்பாக்கிய என் கையில குடுத்துட்டுப் போயிட்டான்."

வர்ஜில் ஸ்பூனைக் கீழே வைத்தார். "அவனேவா? ஏன்?"

"உன் உயிருதான் எனக்கு முக்கியம்னு சொன்னான்."

அவருடைய வலது கை தன்னால் போய்க் காலி உறையைத் தடவிவிட்டுத் திரும்பி வந்து, மேசை மேலிருந்த அவளுடைய வளைந்த விரலைப் பிடித்துக்கொண்டது.

"அப்ப அவன் மோசமானவன் இல்லடி" என்றார். "மறுபடி வந்தான்னா உக்கார வச்சு ஒரு வாய் சாப்பாடு போடு, பாவம்."